லாஜ்பத் நகர் குழந்தைகளின் எடைக் கணக்கு

1969 டிசம்பரில் தெற்கு டெல்லியின் லாஜ்பத் நகர் வட்டாரத்தில் களப்பணியாளர்கள் சிலர் வீடு வீடாகப் போகத் தொடங்கினார்கள். பிரிவினையின்போது எல்லை தாண்டி வந்தவர்களுக்காக உருவான குடியிருப்பு அது. சுமார் 12 சதுர கிலோமீட்டர் பரப்பில், திருமணமான பெண்கள் 20,755 பேரைப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் வந்து, மாதவிலக்கு எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். நாள் தள்ளிப்போனது தெரிந்தால் அந்த வீட்டுக்கு வருகை கூடும். குழந்தை பிறந்த 72 மணி நேரத்துக்குள் தராசும் அளவுகோலும் வந்து சேர்ந்துவிடும்.

இப்படி 8,181 குழந்தைகள் கணக்கில் ஏறினார்கள். மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மாதங்களில் மறுபடியும் எடை, மறுபடியும் உயரம். குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்னே பின்னே போகலாம், அதற்குமேல் கூடாது என்பது விதி. அதன்பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. குழந்தைகள் பள்ளிக்குப் போய், மீசை முளைக்கும் வயதுவரை இது தொடர்ந்தது. வேலூரிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் அதே 1969-ல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இதேபோன்ற ஆய்வொன்றைத் தொடங்கியது.

அன்றைய கேள்வி எளிமையானது. இந்தியக் குழந்தைகள் ஏன் இவ்வளவு எடை குறைவாகப் பிறக்கிறார்கள், பிறந்தபின் எப்படி வளர்கிறார்கள்? அந்தக் குறிப்பேடுகள் நீரிழிவைப் பற்றி ஏதாவது சொல்லும் என்று அப்போது எவரும் எதிர்பார்க்கவில்லை.

அதை எதிர்பார்க்க வைத்தவர் இங்கிலாந்துக்காரர் ஒருவர். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பார்க்கர், நோய்களின் வரைபடங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வினோதமான ஒன்றைக் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பச்சிளம் குழந்தைகள் அதிகம் இறந்த பகுதிகள் எவையோ, அரை நூற்றாண்டு கழித்து இதய நோயால் அதிகம் பேர் இறந்ததும் அங்கேயேதான். பணக்கார நோய் என்று பேர்போன மாரடைப்பு ஏன் ஏழை ஊர்களைத் தேடிப் போகிறது? தாயின் வயிற்றில் பட்ட பஞ்சம் நடுவயதில் இதயத்தைத் தாக்குகிறதா என்று அவர் சந்தேகித்தார். நிரூபிக்க வேண்டுமானால் இறந்துபோன முதியவர்களின் பிறப்பு எடை வேண்டும். அதை யார் எழுதிவைத்திருப்பார்கள்?

எழுதிவைத்திருந்தார்கள். ஹெர்ட்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில் மருத்துவச்சிகளைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்த எதெல் மார்கரெட் பர்ன்சைட், 1911-லிருந்து மாவட்டத்தில் பிறக்கும் குழந்தைகளின் விவரத்தையெல்லாம் பேரேட்டில் ஏற்ற வைத்திருந்தார். பிறப்பு எடை, தாய்ப்பாலா புட்டிப்பாலா, என்னென்ன நோய் வந்தது, ஒரு வயதில் எத்தனை பல், ஒரு வயதில் எவ்வளவு எடை. ஒரு வரிக்கு ஒரு குழந்தை. பல்லின் எண்ணிக்கையால் என்ன பயன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் அந்தப் பத்தியே இருந்திருக்காது.

அந்தப் பேரேடுகளிலிருந்து 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆண்களைப் பார்க்கர் குழு எடுத்துக்கொண்டு, அவர்களில் இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்று இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டது. பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைந்திருந்தவர்களிடமே மாரடைப்பு மரணம் மிக அதிகம். 1989-ல் வெளியான இந்த முடிவைப் பல நிபுணர்கள் நம்ப மறுத்தார்கள். வறுமை என்ற ஒரே காரணம்தான் எடையையும் குறைத்து இதயத்தையும் கெடுக்கிறது, இதில் கருப்பைக்கு என்ன வேலை என்றார்கள். நியாயமான எதிர்ப்பு அது. பதில் சொல்ல வேறு நாடுகளின் பழைய கணக்குகள் தேவைப்பட்டன.

டெல்லிக் குறிப்பேடுகளுக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது அப்படித்தான். குழந்தை மருத்துவர் சந்தோஷ் பார்கவாவும் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த கரோலின் ஃபாலும் உள்ளிட்ட குழுவினர் பழைய முகவரிகளைப் பிடித்துக்கொண்டு தேடப் போனார்கள். 8,181 பேரில் ஆய்வுக்குக் கிடைத்தவர்கள் 1,492 பேர். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே கூட்டத்தை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் கோஹார்ட் ஆய்வுகளின் பெரும் சாபம் இது. திருமணம், வேலை, வீடு மாற்றம் என்று ஆட்கள் உதிர்ந்துகொண்டே போவார்கள். விட்டுப்போனவர்கள் ஒருவேளை வேறுவிதமாக இருந்திருந்தால் என்ற கேள்வி கடைசிவரை துரத்தும்.

கிடைத்தவர்களுக்கு அப்போது வயது 26 முதல் 32. அதற்குள்ளேயே 4.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, இன்னும் 10.8 சதவீதம் பேர் அதன் வாசலில் நின்றார்கள். அவர்களுடைய குழந்தைப் பருவ எடையைத் தேதிவாரியாகப் பின்னோக்கிப் பார்த்தபோது ஒரு பாதை தெரிந்தது. இரண்டு வயதுவரை ஒல்லி. பிறகு மற்றவர்களைவிடச் சீக்கிரமாகச் சதை போடத் தொடங்கி, வேகம் குறையாமல் ஏற்றம். பன்னிரண்டு வயதில்கூட அவர்களில் ஒருவரும் உடல்பருமன் என்ற வரையறைக்குள் வரவில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு 'நல்லா இருக்கான் பையன்' என்று தோன்றியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்த தராசுக்கு மட்டும்தான் அந்த ஏற்றம் தெரிந்திருந்தது. 2004-ல் வெளியான இந்தக் கட்டுரை, ஒல்லியாகப் பிறந்த நம் ஊர்க் குழந்தைகளை அவசரமாகக் கொழுக்க வைப்பது நல்லதுதானா என்ற சங்கடமான விவாதத்தைத் தொடங்கிவைத்தது. அது இன்னும் முடியவில்லை.

எல்லா ஆய்வும் இப்படி ஒரே ஆட்களைத் தேடிப் போவதில்லை. இந்தியாவின் தேசிய குடும்ப நல ஆய்வு வேறு ரகம். அது யாரையும் பின்தொடர்வதில்லை. நாடு முழுக்க ஒரு சமயத்தில் எடுக்கும் படம். 1992-93-ல் தொடங்கிப் பல சுற்றுகள் நடந்திருக்கின்றன. 2019-21-ல் நடந்த ஐந்தாம் சுற்றில் 707 மாவட்டங்களில் சுமார் 6.37 லட்சம் வீடுகள். மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் பொறுப்பேற்று நடத்துகிறது. அறிக்கை வந்தவுடன் செய்தித்தாள்கள் சில எண்களை எடுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடும். ஆய்வாளர்களுக்கு வேண்டியது அறிக்கை அல்ல, அதன் அடியில் இருக்கும் மூலத் தரவு: பெயர் நீக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணும் ஒரு வரி, அவள் பெற்ற ஒவ்வொரு குழந்தையும் ஒரு வரி. என்ன ஆய்வு செய்யப்போகிறோம் என்று எழுதிப் பதிவுசெய்தால் இலவசமாகக் கிடைக்கும்.

பெயரை நீக்கினால் மட்டும் போதாது என்பது நடத்துகிறவர்களுக்குத் தெரியும். ஊர் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிப்பது நம் நாட்டில் கடினமா என்ன? அதனால் ஊர் இருக்கும் இடத்தின் செயற்கைக்கோள் குறியீட்டை வேண்டுமென்றே தள்ளிவைத்துத்தான் தருகிறார்கள். நகரமானால் 2 கிலோமீட்டர் வரை, கிராமமானால் 5 கிலோமீட்டர் வரை, நூற்றில் ஒரு கிராமம் 10 கிலோமீட்டர் வரை. மழையளவு, சாலைத் தூரம் போன்றவற்றோடு ஒப்பிட இந்தத் துல்லியம் போதும். வீட்டைத் தேடிப் போகப் போதாது.

திறந்த தரவைத் தவறாகப் படிப்பதும் எளிது. ஐந்தாம் சுற்று வந்தபோது 1,000 ஆண்களுக்கு 1,020 பெண்கள் என்ற எண்ணைப் பலர் கொண்டாடினார்கள். அது, முந்தைய இரவு அந்த வீடுகளில் தங்கியிருந்தவர்களின் கணக்கு. வேலைக்கு வெளியூர் போய் விடுதியிலோ கட்டுமானக் கொட்டகையிலோ படுத்திருந்த ஆண் அதில் வரமாட்டான். அதே அறிக்கையில், கடந்த ஐந்தாண்டில் பிறந்த குழந்தைகளில் 1,000 ஆணுக்கு 929 பெண் என்றும் இருந்தது. கொண்டாட்டம் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

ரத்தசோகை எண்ணிலும் சிக்கல். 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு என்றது ஐந்தாம் சுற்று. முந்தைய சுற்றில் 53. களத்தில் விரல்நுனியைக் குத்தி, முதலில் வரும் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, அடுத்து வரும் சொட்டைக் கையடக்கக் கருவியில் வைத்துப் பார்க்கிறார்கள். நாளத்திலிருந்து ஊசியில் எடுத்த ரத்தத்தைச் சோதித்த வேறொரு தேசிய ஆய்வில் குழந்தைகளிடம் ரத்தசோகை கணிசமாகக் குறைவாகத் தெரிந்தது. விரலை அழுத்திப் பிழிந்தாலே அளவு மாறிவிடும் என்பது வாதம். ஆறாம் சுற்றில் இந்தச் சோதனையை விட்டுவிட்டு, தனி ஆய்வில் நாள ரத்தத்தை எடுத்துப் பார்ப்பது என்று அரசு முடிவுசெய்தது. துல்லியம் கூடலாம். ஆனால் பழைய சுற்றுகளோடு ஒப்பிடும் கண்ணி அறுந்துவிட்டது. ஒரே குறையுள்ள கருவியால் திரும்பத் திரும்ப அளப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை இந்த விவாதத்தில் போதுமான பேர் சொல்லவில்லை.

தரவு எவ்வளவு பெரிதானாலும் இத்தகைய சிக்கல் விடாது. பிரிட்டனின் யுகே பயோபேங்க் 40 முதல் 69 வயதுவரையான 5 லட்சம் பேரின் ரத்தத்தையும் மரபணு விவரங்களையும் சேர்த்துவைத்து, எந்த நாட்டு ஆய்வாளரும் விண்ணப்பிக்கலாம் என்று 2012-ல் கதவைத் திறந்தது. பிரமாண்டமானதுதான். ஆனால் அழைப்பு போன 90 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் வந்தவர்கள் 5.5 சதவீதம், வந்தவர்கள் மற்றவர்களைவிடப் புகைப்பது குறைவு, ஆரோக்கியமும் வசதியும் கூடுதல். எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக் கூடாது.

கதவு திறந்தே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வின் மூலத் தரவை உலகுக்கு விநியோகித்தது, அமெரிக்க உதவிப் பணத்தில் 1984 முதல் நடந்த ஒரு திட்டத்தின் இணையதளம். தொண்ணூறு நாடுகளின் இத்தகைய ஆய்வுகள் அங்கேதான் இருந்தன. 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை வெட்டியபோது அந்தத் திட்டமும் நின்றது. பல நாடுகளில் கணக்கெடுப்பு பாதியில் கிடந்தது. பிறகு கேட்ஸ் அறக்கட்டளையின் இடைக்கால நிதி வந்தது. இந்திய வீடுகளில் எடுத்த கணக்கைப் பெற இந்திய மாணவர் அமெரிக்கச் சேவையகத்தை நம்பியிருந்தது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

இதே மும்பை நிறுவனம் நடத்தும் இன்னொன்று, 45 வயதுக்கு மேற்பட்ட சுமார் 72,000 பேரை உள்ளடக்கிய முதியோர் நெடுநாள் ஆய்வு. முதல் சுற்று 2017-18-ல் நடந்தது; அதே ஆட்களை மறுபடி மறுபடி சந்திப்பதுதான் திட்டம். ரத்த அழுத்தம், கைப்பிடி வலு ஆகியவற்றோடு, பத்துச் சொற்களைப் படித்துக்காட்டிச் சற்று நேரம் கழித்து எத்தனை நினைவிருக்கிறது என்றும் கேட்கிறார்கள். அதன் கிளை ஆய்வு நாலாயிரம் முதியவர்களை நுணுக்கமாகச் சோதித்தது. பள்ளிக்கூடம் பார்க்காதவர்களுக்கும் பொருந்தும்படி கேள்விகளை மாற்றியமைத்தார்கள். நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்ற மதிப்பீடு அங்கிருந்து வந்ததுதான். இந்தத் தரவையும் பதிவுசெய்து யாரும் கேட்டுப் பெறலாம்.