முற்றத்திலே ஒரு பட்மின்டன்

நல்லூர்ப் பக்கத்து வீடொன்றை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள், சகோதரிகளே. சுற்றிலும் மதில், ஓரத்தில் மாமரம், பின்வளவில் கிணறு, நடுவே கூட்டிப் பெருக்கிய முற்றம். அஸர் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் இரண்டு மட்டைகளோடும் ஓர் இறகுப்பந்தோடும் முற்றத்தில் இறங்குகிறார்கள். உம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். மூத்தவளுக்கு வயது பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிறது. ஒருநாள் அவள் கையிலிருந்த மட்டை தம்பியிடம் போய்விடுகிறது. அவளும் உம்மாவோடு திண்ணையில் வந்து உட்கார்ந்து விடுகிறாள்.

யாரும் அவளை அதட்டவில்லை, தடுக்கவும் இல்லை. "பெரிய பிள்ளையாகி விட்டாள்" என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. இருபது, இருபத்தைந்து வருடங்கள் கழித்துச் சீனி வருத்தம், முழங்கால் வலி என்று வைத்தியரிடம் போகிறாள். "தினமும் உடலை அசைத்து ஏதாவது செய்யுங்கள்" என்கிறார் அவர். அப்போது அந்த மட்டை எங்கே?

பர்தாவைப் பேணும் பெண்ணுக்கு விளையாட்டு இல்லை என்று நாமே முடிவு கட்டி விடுகிறோம். அப்படி இல்லை. மதில் சூழ்ந்த ஒரு முற்றமும், அரை மணி நேரமும், சரியான முறையில் தொடங்கும் அக்கறையும் இருந்தால் மகளும் விளையாடலாம், உம்மாவும் விளையாடலாம்.

முற்றத்தின் அருமை யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990 அக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, கையில் எடுத்ததோடு ஊரை விட்டுப் போனவர்கள் அவர்கள். புத்தளம் பகுதியின் ஓலைக் கொட்டில்களில் வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு மறைவான ஒரு முற்றம் ஏது? போர் ஓய்ந்த பின் திரும்பி வந்து மீண்டும் வீடு கட்டிய குடும்பங்களுக்கு அந்த வெற்று நிலம் பெரிய நிஃமத். அதைத் துணி காயப் போட மட்டும் வைத்திருக்கலாமா?

நபியவர்கள் காட்டிய வழி

நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. முதல் முறை ஆயிஷா (ரலி) அவர்கள் வென்றார்கள். பின்னொரு காலத்தில், அவர்களின் உடல் சற்றுக் கனத்திருந்த வேளையில், மீண்டும் ஓடினார்கள். அம்முறை வென்றவர்கள் நபியவர்கள். முன்பு தோற்றதற்கு இது ஈடு என்று அன்போடு சொன்னார்கள். உடல் கனத்த பின்னும் ஓடலாம், வீட்டாரோடு மகிழ்ந்து விளையாடலாம் என்பதற்கு இதைவிட அழகான முன்மாதிரி வேண்டுமா?

உலக அரங்கிலும் நம் சகோதரிகள் ஆடியிருக்கிறார்கள். 2011 இல் உலக பட்மின்டன் சம்மேளனம் வீராங்கனைகள் பாவாடை அணிந்தே ஆட வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவர முனைந்தது. எதிர்ப்புக் கிளம்பியதால் 2012 இல் அதைக் கைவிட்டது. 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈரானின் சொராயா அகாயி தலையை மறைத்து, கைகால்களை மூடிய உடையிலேயே ஆடினார். மாலைதீவின் பாத்திமத் நபாஹாவுடன் மோதிய ஆட்டத்தில் வெற்றியும் பெற்றார். அதே ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் தங்கத்தை வென்ற இந்தோனேசிய ஜோடியில் ஒருவரான அப்ரியானி ரஹாயு ஒரு முஸ்லிம் பெண்.

நாம் ஒலிம்பிக்குக்குப் போக வேண்டாம். முற்றத்துக்கு இறங்கினால் போதும்.

என்னென்ன வேண்டும்?

முறையான களம் 44 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்டது. வலையின் உயரம் நடுவில் 5 அடி. கம்பத்தருகே 5 அடி 1 அங்குலம். அவ்வளவு இடம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மாமரத்திலிருந்து மதில் வரை ஒரு கயிற்றை 5 அடி உயரத்தில் கட்டி, அதில் பழைய மீன் வலையைத் தொங்கவிட்டால் வலை தயார்.

இறகுப்பந்து இரண்டு வகை. வாத்து இறகுகள் 16 கொண்டு செய்யப்படுவது ஒன்று. அதன் எடை 5 கிராம் அளவுதான், பழகுபவர் கையில் விரைவில் சிதைந்துவிடும். மற்றது நைலோன் பந்து. நீண்ட நாள் உழைப்பதால் தொடக்கத்தில் இதுவே நல்லது. நைலோன் பந்தின் தலைப்பகுதியில் வண்ணப் பட்டி ஒன்றிருக்கும். பச்சை என்றால் மெதுவாகப் போகும், நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். வெப்பமான காற்றில் பந்து அதிக தூரம் பறக்கும். எனவே நம் ஊருக்குப் பச்சைப் பட்டியே பொருத்தம்.

அடுத்தது காற்று. சோளகக் காற்று வீசும் மாதங்களில் பந்து நம் சொல் கேட்காது. சுப்ஹு தொழுகைக்குப் பிந்திய நேரம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மாலையில் என்றால் மதிலின் மறைவுப் பக்கமாக ஆடுங்கள்.

முதல் பாடம்: பிடி

புதிதாகப் பழகுபவர்களில் பலர் தோசைக்கரண்டியைப் பிடிப்பது போல மட்டையைப் பிடிக்கிறார்கள். மட்டையின் முகம் நேரே வலையைப் பார்க்கும். முதல் நாள் இது இலகுவாகத்தான் தோன்றும். ஆனால், இந்தப் பிடியில் தலைக்கு மேலே ஓங்கி அடிக்கவும் வராது, இடப்பக்கம் வரும் பந்தை ஒழுங்காகத் திருப்பவும் வராது. பழகிவிட்டால் மாற்றுவதும் கஷ்டம்.

சரியான பிடி இது: இடக்கையால் மட்டையின் கழுத்தைப் பிடியுங்கள். ஒரு விளிம்பு நிலத்தையும் மறு விளிம்பு வானத்தையும் பார்க்கட்டும். இப்போது வலக்கையால் கைப்பிடியோடு முஸாபஹா செய்யுங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒரு கவை தெரியும். இடப்பக்கம் வரும் பந்தை அடிக்க, மட்டையைச் சற்றே உருட்டி, கைப்பிடியின் அகலமான தட்டைப் பக்கத்தில் பெருவிரலைப் பதியுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் மாற்றிக் கொள்ளலாம்.

கோழிக்குஞ்சைக் கையில் வைத்திருப்பது போல இலேசாகப் பிடிக்க வேண்டும். பந்தை அடிக்கும் அந்தக் கணத்தில் மட்டும் விரல்களை இறுக்க வேண்டும். பலம் பிறப்பது அந்த இறுக்கத்திலும் முன்கையின் சுழற்சியிலும்தான். தோளால் மட்டும் வீசினால் இரண்டு நாளில் வலி வந்துவிடும்.

இரண்டாம் பாடம்: நிற்கும் நிலை

கால்களைத் தோளின் அகலத்துக்கு விரித்து, முழங்காலைச் சிறிது மடித்து, உடல் பாரத்தை முன்பாதத்தில் வையுங்கள். மட்டை நெஞ்சுக்கு முன்னே இருக்கட்டும். எதிரில் உள்ளவர் அடிக்கும் வேளையில் மெல்ல ஒரு சிறு துள்ளல் துள்ளினால் எந்தப் பக்கமும் உடனே நகரலாம். வலையருகே விழும் பந்தை எடுக்க வலக்காலை முன்வைத்துக் குதிகால் முதலில் படும்படி ஊன்றுங்கள். எடுத்ததும் நடுவுக்குத் திரும்பி விடுங்கள். அடித்த இடத்திலேயே நின்று பார்ப்பதுதான் நாம் செய்யும் இரண்டாவது தவறு.

மூன்றாம் பாடம்: தொடக்க அடி

ஆட்டத்தைத் தொடங்கும் அடிக்கு 'சேர்விஸ்' என்று பெயர். பந்தை இடுப்புக்குக் கீழே வைத்துக் கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும். இரண்டு பாதங்களும் நிலத்தில் அசையாமல் இருக்க வேண்டும். பந்து குறுக்காக எதிர்ப் பக்கம் விழ வேண்டும். உங்கள் புள்ளி இரட்டை எண்ணானால் வலப்பக்கமிருந்தும், ஒற்றை எண்ணானால் இடப்பக்கமிருந்தும் தொடங்குங்கள். முதலில், பெருவிரலைப் பதித்த பிடியால் பந்தை மெல்லத் தள்ளி, வலையை உரசுவது போலக் கடத்தப் பழகுங்கள்.

நான்காம் பாடம்: தலைக்கு மேல் அடி

உயர்ந்து வரும் பந்தைப் பின்னோக்கி நடந்து எடுக்காதீர்கள், விழுந்து விடுவீர்கள். உடலைப் பக்கவாட்டில் திருப்பி, வலக்காலைப் பின்வைத்து நகருங்கள். இடக்கை பந்தைச் சுட்டிக்காட்டட்டும். முழங்கையை உயர்த்தி, கை எட்டும் உச்சியில், பந்து முகத்துக்குச் சற்று முன்னே இருக்கும்போது அடியுங்கள். மரக்கிளையில் சிக்கியதைக் கல்லெறிந்து விழுத்தும்போது கை எப்படிப் போகிறதோ, அதே வீச்சுத்தான். எதிரியின் களத்தின் கடைசிவரை பந்தை அனுப்ப முடிந்தால் பாதி ஆட்டம் கைவந்துவிட்டது.

அரை மணி நேரம் எப்படி?

முதல் ஐந்து நிமிடம் நடந்து, கைகால்களை நீட்டி மடக்குங்கள். அடுத்த ஐந்து நிமிடம் பந்தை மட்டையால் மேலே தட்டித் தட்டி எண்ணுங்கள். முதல் நாள் ஐந்தோடு நிற்கும். சில வாரத்தில் ஐம்பதைத் தாண்டும். பத்து நிமிடம் தொடக்க அடியும் தலைக்கு மேல் அடியும். மீதி நேரம் ஆட்டம். 2006 இல் 21 புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. வீட்டில் 11 புள்ளி போதும்.

உடையைப் பொறுத்தவரை, நிலத்தில் இழுபடும் அபாயா தடுக்கி விழுத்தும். தளர்ந்த சல்வாரும் நீண்ட மேற்சட்டையும் வசதி. தலைத்துணியின் முனைகளைப் பின்னால் சேர்த்துக் குத்திவிட்டால் கண்ணை மறைக்காது. செருப்போடு ஆட வேண்டாம், கணுக்கால் பிசகும். கால் விறைப்புள்ள சீனி நோயாளர் வெறுங்காலோடு ஆடவே கூடாது. சீனிக்கு மருந்து எடுப்பவர்கள் இனிப்பு ஏதாவது பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். நெஞ்சு வருத்தமோ முழங்கால் தேய்வோ உள்ளவர்களும், கர்ப்பிணிச் சகோதரிகளும் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாப்பாமாரே, நானாமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மதிலில் இரண்டு வரி கல்லை உயர்த்திக் கட்டிக் கொடுங்கள். அஸருக்குப் பின் அரை மணி நேரம் தேநீர் கேட்டு அழைக்காமல் இருங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு மட்டையைப் பிடியுங்கள்.

நம் பிள்ளை பெரியவளாகி விட்டாள் என்பதற்காக அவள் கையிலிருந்து மட்டையை வாங்க வேண்டாம். இன்னொன்றை எடுத்துக்கொண்டு உம்மாவும் முற்றத்தில் இறங்கட்டும். மஃரிப் பாங்கு ஒலிக்கும்போது வியர்வையைத் துடைத்து இருவரும் சேர்ந்து உளூச் செய்யப் போகட்டும். நம் உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணி நடக்கும் பாக்கியத்தை அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.