அம்மாவை உட்கார வைக்காதீர்கள்

பொங்கலுக்கு இரவுப் பேருந்து பிடித்து விடியற்காலையில் ஊர் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகளுக்குப் பாசம் பொங்கிவிடும். “நீ உட்காரும்மா, நாலு நாளைக்கு நாங்க பாத்துக்கறோம்.” மருமகள் அடுப்படிக்குள் நுழைவாள், மகன் கடைக்குக் கிளம்புவான், பேத்தி கோலப்பொடி டப்பாவைப் பிடுங்கிக்கொள்வாள். எழுபது வயது அம்மா டிவிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தப்படுவார். காபி, மாத்திரை, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் இருந்த இடத்துக்கே வரும். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. அவருடைய தொடைத் தசைக்குத்தான் இது ஒத்துக்கொள்ளாது.

முதுமையில் தசை கரையும் வேகம் நாம் நினைப்பதைவிட அதிகம். சராசரி 67 வயதுள்ள, நோய்நொடி இல்லாத சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. பத்தாம் நாள் அளந்தபோது கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. படுத்தே கிடந்தால் அப்படித்தானே ஆகும் என்பீர்கள். 2013இல் வெளியான கனடா ஆய்வில் யாரையும் படுக்க வைக்கவில்லை. எழுபதைத் தாண்டியவர்களிடம், வழக்கமான நடையைக் கால் பங்காகக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள், அவ்வளவுதான். இரண்டே வாரத்தில் கால் தசை 4 சதவீதம்போலக் குறைந்தது. இன்சுலினுக்கு உடல் கட்டுப்படுவது குறைந்தது. சாப்பிட்ட புரதத்தைத் தசையாக மாற்றும் வேலையும் மந்தப்பட்டது.

பண்டிகையின் நாலு நாளில் பெரிதாக எதுவும் ஆகிவிடாது. ஆனால் அந்த நாலு நாளில் நாம் போட்டுவிட்டு வரும் சட்டங்கள் இருக்கின்றனவே, அவைதான் ஆபத்து. மாடி ஏறாதே, குடம் தூக்காதே, கடைக்குப் போன் பண்ணினால் கொண்டுவந்து தருவான், வாசல் பெருக்க ஆள் வைத்தாயிற்று. பிள்ளைகள் ஊர் திரும்பியபின் வருஷம் முழுக்க அமலில் இருப்பது இதுதான்.

சட்டம் போடுவதற்கு முன் அம்மாவும் அப்பாவும் எழுந்திருப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். கையை முட்டியில் ஊன்றி, ஒருமுறை முன்னும் பின்னும் ஆடி, இரண்டாவது முயற்சியில் எழுகிறார்களா? உட்காரும்போது கடைசி அரையடியைப் பொத்தென்று விழுந்து முடிக்கிறார்களா? தொடை வலு குறைந்ததற்கு இவை அடையாளம். இதை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய சோதனை ஒன்று உண்டு. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 70 முதல் 74 வயதுவரை உள்ள பெண்களுக்கு 10க்குக் கீழும், ஆண்களுக்கு 12க்குக் கீழும் வந்தால் விழும் வாய்ப்பு கூடுதல் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவுகோல். பேரப்பிள்ளைகளோடு போட்டியாக வைத்தால் தாத்தா மறுக்கமாட்டார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை செய்து காட்டுவார்.

பிரேசிலில் கிளாடியோ கில் அராவ்ஜோ குழுவினர் இதைத் தரைக்கே கொண்டுபோனார்கள். தரையில் உட்கார்ந்து எழ மொத்தம் 10 மதிப்பெண். கையையோ முட்டியையோ ஊன்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று கழியும். 51 முதல் 80 வயதுவரை 2,002 பேரைச் சோதித்துச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், மிகக் குறைவாக எடுத்தவர்களிடையே இறப்பு பல மடங்கு அதிகமாக இருந்தது. தரையில் உட்கார்ந்தால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருளில்லை. வலுவும் சமநிலையும் மூட்டின் வளைவும் ஒரே அசைவில் வெளிப்பட்டுவிடுகின்றன, அவ்வளவே. முட்டி தேய்ந்தவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். முடிகிறவர்களைச் சப்பணமிட்டுப் பல்லாங்குழி ஆட விடுங்கள். ‘தரையில் எதுக்கு’ என்று நாற்காலியை இழுத்துப் போடும் அவசரம் வேண்டாம்.

சாப்பாடு முடிந்ததும் எல்லோருக்கும் கண் சொக்கும். அந்த நேரத்தில்தான் நடை நன்றாகப் பலன் தருகிறது. அறுபதைக் கடந்த, சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த சிலரை வைத்து அமெரிக்காவில் செய்து 2013இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், மூன்று வேளை உணவுக்குப் பிறகும் 15 நிமிடம் நடந்தது, காலையில் மொத்தமாக 45 நிமிடம் நடந்ததற்கு இணையாகச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தைத் தணித்ததில் குட்டி நடைகளே முந்தின. தெருமுனைக் கோயில்வரை போய்த் திரும்பினால் 15 நிமிடம் ஆகிவிடும்.

போகும்போது பேச்சுக் கொடுங்கள். சுவீடனில் முதியோர் இல்லவாசிகளோடு நடந்தபடி பேசிப் பார்த்தார்கள். பதில் சொல்வதற்காக நின்றுவிட்டவர்கள் 12 பேர். அவர்களில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். 1997இல் லான்செட்டில் வந்த ஒரு பக்கக் கட்டுரை அது. பெரிய கருவி எதுவும் இல்லாமல் இவ்வளவு சொல்லிவிட முடிகிறதே என்று எனக்கு இன்றும் வியப்புதான். நடை தானாக நடக்காமல் கவனம் முழுவதையும் கேட்கத் தொடங்கிவிட்டது என்பதையே அந்த நிற்றல் காட்டுகிறது. அத்தை கதை சொல்லும் சுவாரசியத்தில் நிற்பவராகவும் இருக்கலாம், அது வேறு. ஒவ்வொரு கேள்விக்கும் கால் நின்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

‘இந்த வயசுக்கு மேலே உடற்பயிற்சியா’ என்று கேட்பவர்களுக்கு 1990இன் பாஸ்டன் ஆய்வே பதில். 90 வயதை ஒட்டிய, முதியோர் இல்லத்தில் வாழ்ந்த பத்துப் பேருக்குக் கால்களால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார் மரியா ஃபியாட்டரோன். எட்டு வாரத்தில் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். நடை மட்டும் போதாது என்பதும் இதிலிருந்தே புரியும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரம் 150 நிமிட நடையோடு, இரண்டு நாளாவது வலுப் பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதும், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து உட்காருவதும் வீட்டிலேயே முடியும்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தாலும், வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே எழுந்தாலும் தலை சுற்றலாம். ஒரு நிமிடம் நின்று, பிடித்துக்கொண்டு கிளம்பட்டும். இன்சுலின் போடுபவரின் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சில் அழுத்தமோ வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ வந்தால் நடையை அங்கேயே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

உதவி செய்யத் துடிக்கும் கைகளுக்கு வேறு வேலை இருக்கிறது. அடி தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பின்பட்டை வைத்ததாக வாங்கிக் கொடுங்கள். பாத்ரூமுக்குப் போகும் வழியில் இரவு விளக்கு ஒன்று மாட்டுங்கள். மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லையென்றால் கொத்தனாருக்குப் போன் போடுங்கள்; காணும் பொங்கல் முடிந்துதான் வருவார், முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.