சட்டம் கேட்காத கேள்வி

ஐக்கிய அமெரிக்காவை மதச்சார்பற்ற நாடு என்றே நாம் கூறிப் பழகியுள்ளோம். ஆயினும், அந்நாட்டின் ஜனாதிபதிகள் பெரும்பாலும் பைபிளின் மீது கைவைத்தே பதவியேற்கின்றனர். கடவுள் மீதான நம்பிக்கையைப் பறைசாற்றும் வாசகம் 1956 ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் தேசிய மகுட வாசகமாக இருந்து வருகிறது. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்வதாயின், சட்டம் கூறுவதையும் வாக்காளர் எதிர்பார்ப்பதையும் நாம் பிரித்து நோக்க வேண்டும்.

1787 இல் வரையப்பட்ட அரசியலமைப்பின் ஆறாம் உறுப்புரை, எந்தவொரு பதவிக்கும் மதத்தைத் தகுதியாகக் கோரலாகாது என்கிறது. 1791 இல் நடைமுறைக்கு வந்த முதலாவது திருத்தம், அரச மதமொன்றை நிறுவுவதற்கோ வழிபாட்டுச் சுதந்திரத்தைத் தடுப்பதற்கோ காங்கிரஸ் சட்டமியற்ற முடியாதெனத் தடை விதித்தது. இவ்விரண்டுக்கும் இடையிலான 'பிரிவினைச் சுவர்' பற்றி ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன் 1802 இல் எழுதியது, கனெக்டிகட் மாநிலத்தின் பப்டிஸ்ட் கிறிஸ்தவர்களுக்கான கடிதத்திலாகும். வேறொரு கிறிஸ்தவப் பிரிவு அரச அனுசரணையைப் பெற்றிருந்த அம்மாநிலத்தில் அவர்கள் சிறுபான்மையினர். ஆகவே, அச்சுவர் மதத்தின் மீதான பகைமையினால் எழுந்ததன்று. சிறுபான்மை விசுவாசிகள் நாடிய பாதுகாப்பு அது.

சட்டம் கேட்காத கேள்வியை வாக்காளர் கேட்டனர். 1928 இல் போட்டியிட்ட கத்தோலிக்கரான அல் ஸ்மித்தின் தோல்வியில் மதக் காழ்ப்புக்கும் பங்கிருந்தது. 1960 இல் ஜோன் கென்னடி, தமது பதவிக் கடமையில் திருச்சபை தலையிட முடியாதென ஹூஸ்டன் நகரில் புரட்டஸ்தாந்து போதகர்கள் முன் விளக்கமளிக்க வேண்டியிருந்தது. அவரை அடுத்து இன்னொரு கத்தோலிக்கர் ஜனாதிபதியாகத் தெரிவாக அறுபது ஆண்டுகள் சென்றன.

மதம் அரசியலுக்குள் வந்ததெல்லாம் தீமையே எனவும் கூறிவிட முடியாது. கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டத்தைத் தலைமையேற்று நடத்திய மார்ட்டின் லூதர் கிங் ஒரு பப்டிஸ்ட் போதகரே. மறுபுறத்தில், 1979 இல் போதகர் ஜெரி ஃபால்வெல் தொடங்கிய அமைப்பு, பழைமைவாதக் கிறிஸ்தவர்களைக் குடியரசுக் கட்சியின் பின்னால் அணிதிரட்டியது. கருக்கலைப்பு உரிமையை 1973 இல் உறுதிசெய்த தீர்ப்பை உயர் நீதிமன்றம் 2022 இல் மாற்றியமைத்ததில், அந்த நீண்ட அணிதிரட்டலின் பயனைக் காண்கிறோம்.

முஸ்லிம்களைப் பொறுத்தவரை இச்சோதனை இன்னும் கடினமானது. காங்கிரஸுக்குத் தெரிவான முதலாவது முஸ்லிமான கீத் எலிசன், 2007 இல் குர்ஆனின் மீது கைவைத்துச் சம்பிரதாயச் சத்தியப்பிரமாணம் செய்ய முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. ஜெபர்சனுக்குச் சொந்தமாயிருந்த குர்ஆன் பிரதியையே அவர் அதற்குப் பயன்படுத்தினார். 2008 இல் பராக் ஒபாமா ஒரு முஸ்லிம் என வதந்தி பரப்பப்பட்டபோது, அதனை மறுத்தவர்கள் பலர். முன்னாள் இராஜாங்கச் செயலாளர் கொலின் பவலோ, ஒபாமா கிறிஸ்தவரே என்று கூறியதோடு நின்றுவிடாமல், முஸ்லிமாக இருந்தால்தான் அதில் என்ன தவறு என்றும் கேட்டார்.

முஸ்லிம்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஏழு நாட்டவர்களின் வருகைக்கு ஜனாதிபதி ட்ரம்ப் 2017 இல் விதித்த தடையின் மூன்றாவது வடிவத்தை, உயர் நீதிமன்றம் 2018 இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அனுமதித்தது. சுவர் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இது சான்றாகும்.

சிறுபான்மையினரின் சம உரிமைக்கு அரசியலமைப்பு வாசகம் இன்றியமையாதது. ஆனால், ஒருவரின் மதத்தைக் குற்றச்சாட்டாகக் கருதும் மனப்பாங்கு பெரும்பான்மைச் சமூகத்திலிருந்து அகலும்வரை, அவ்வாசகம் முழுமையான காவலாக அமையாது. பவல் எழுப்பிய கேள்வியைப் பெரும்பான்மையினர் தாமாகவே எழுப்பும் நாளில்தான் அக்காவல் முழுமை பெறும் என நாம் கருதுகிறோம்.