இணையம் உரிமைதான், அளவு நாளுக்கு ஒன்றரை ஜி.பி.!

புது தில்லி: தென்கிழக்கு ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைத்த சீ-மீ-வீ 3, தென் ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் சேஃப் ஆகிய கடலடி கேபிள்கள் கரையேறிய நகரம் கொச்சி. அதே நகரின் மட்டாஞ்சேரியில், மிளகுக் கிடங்குகளை அடுத்த நெருக்கமான குடியிருப்புகளில், வீட்டுக்கு வரும் இணையம் எவ்வளவு என்பதை இன்னமும் திட்டத்தின் உச்சவரம்பே தீர்மானிக்கிறது. உலகக் கேபிள் வாசலுக்கு வந்த ஊரில் இந்தச் சிக்கனம் ஏன் என்ற கேள்வி நியாயமானதே.

தொடக்கத்தில் காரணம் இருந்தது. வெளிநாட்டுத் தொடர்புக்கான அலைக்கற்றைத் திறன் அப்போது விலை உயர்ந்த சரக்கு. 2004இல் மத்திய அரசு அகண்ட அலைவரிசைக் கொள்கையை வெளியிட்டபோது, விநாடிக்கு 256 கிலோபிட் வேகமே போதுமென்று கருதப்பட்டது. தயாநிதி மாறன் தகவல் தொடர்பு அமைச்சராக இருந்த 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் சேவை தொடங்கியது. அந்நாளைய மாதாந்திரத் திட்டங்கள் பலவற்றின் அளவு ஓரிரு ஜி.பி.யைத் தாண்டவில்லை. அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை கணக்கில்லை என்ற சலுகைக்காகக் கடிகாரத்தில் அலாரம் வைத்துப் பதிவிறக்கம் செய்தவர்கள் நாடெங்கும் உண்டு.

பின்னர் வந்த "அன்லிமிடெட்" திட்டங்கள்தான் வாடிக்கையாளர்களை அதிகம் எரிச்சலூட்டின. இணைப்பு துண்டிக்கப்படாது; ஆனால் "நியாயமான பயன்பாட்டுக் கொள்கை" என்ற பெயரில் குறிப்பிட்ட அளவுக்குப் பின் வேகம் சரியும். யாருக்கு நியாயம் என்பதை நிறுவனங்கள் விளக்கவில்லை. 2016 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டது. அளவில் 50, 90, 100 சதவீதம் தீரும்போது வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். வரம்பு முடிந்தாலும் வேகம் 512 கிலோபிட்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது.

அந்த வேகத்தில் ஒரு ஜி.பி. கோப்பைப் பெற நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். 2023 ஜனவரியில் அகண்ட அலைவரிசையின் குறைந்தபட்ச வேகத்தை விநாடிக்கு 2 மெகாபிட்டாக மத்திய அரசு உயர்த்தியது. அதாவது, 2016இல் வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு என்று வகுக்கப்பட்ட வேகம், புதிய விளக்கத்தின்படி அதில் கால் பங்கு மட்டுமே.

கட்டணம் செலுத்துவோரின் குறையைப் போட்டி ஓரளவு தீர்த்துவிட்டது. 2020 செப்டம்பரில் ஜியோ, ஏர்டெல் நிறுவனங்கள் வீட்டு இணைப்புக்கான வரம்பை மாதம் 3,300 ஜி.பி. என்ற உயரத்துக்குக் கொண்டு சென்றன. சராசரிக் குடும்பம் எட்டிப் பார்க்காத எல்லை அது. போட்டி எட்டாத இடம் ஏழை வீடுகள்தான்.

இணையத்தை அடிப்படை உரிமையாக ஏற்பதாக 2017 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது கேரளம். 2019 செப்டம்பரில், மாணவியர் விடுதியில் கைப்பேசிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு தொடர்பான வழக்கில், இணைய வசதி கல்வி உரிமையின் ஓர் அங்கம் என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே கொரோனா வந்தது. எல்லா வீடுகளிலும் இணையம் இல்லாத நிலையில், பாடங்களை விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக நடத்த வேண்டியதாயிற்று.

இந்தப் பின்னணியில் 2023 ஜூன் 5 அன்று முதல்வர் பினராயி விஜயன் கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. முதற்கட்டமாகச் சட்டப்பேரவைத் தொகுதிக்கு 100 குடும்பங்கள். மட்டாஞ்சேரி அடங்கிய கொச்சி தொகுதிக்கும் அதே கணக்குத்தான். அந்த இலவச இணைப்புக்கு அறிவிக்கப்பட்ட அளவு நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. அப்போதைய ரூ.299 திட்டத்துக்கோ மாதம் 3,000 ஜி.பி. கம்பி ஒன்று, நிறுவனமும் ஒன்று. வித்தியாசம் 60 மடங்குக்கு மேல்.

இலவசத்துக்கு ஒரு வரம்பு இருக்கட்டும் என்று வாதிடலாம். ஆனால் பள்ளி, கல்லூரி செல்லும் இருவர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு மணி நேரம் காணொலிப் பாடம் பார்த்தால், ஒன்றரை ஜி.பி. மாலைக்குள் கரைந்துவிடக் கூடும்.

முறையிடும் வழியும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. நிறுவனத்தின் புகார் மையத்தையும், பிறகு அதன் மேல்முறையீட்டு அமைப்பையும்தான் நாட வேண்டும். கோழிக்கோட்டிலிருந்து சென்ற ஒரு தொலைபேசி வழக்கில், நுகர்வோர் மன்றங்களுக்கு இதில் அதிகாரமில்லை என்று 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2022 பிப்ரவரியில், வோடஃபோன் ஐடியா தொடர்பான வழக்கில், அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்துக் கதவைத் திறந்தது. எனினும், நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கட்டணமின்றி வழங்கப்படுவதைச் "சேவை" என்ற விளக்கத்திலிருந்து விலக்கி வைத்துள்ளது. ரூ.299 செலுத்துபவருக்குத் திறந்த அந்தக் கதவு, ஒன்றரை ஜி.பி. பெறும் வீட்டுக்குத் திறக்குமா என்பது சந்தேகமே.