உப்பளத்துப் பிள்ளைகளும் இயற்பியலும்

மரக்காணத்துப் பாத்திகளில் உப்புநீர் காய்ந்து ஏறத்தாழ 25 போமே அளவை எட்டும்போது உப்பு விளையத் தொடங்குகிறது. அதை அளக்கும் மிதவைமானி ஆர்க்கிமிடீசின் விதிப்படியே மிதக்கிறது. பெற்றோரின் தொழிலிலேயே இயற்பியல் இருக்க, பிள்ளைகள் அப்பாடத்திற்கு அஞ்சுவானேன்? சூத்திரங்களை மனப்பாடமாக மட்டும் கற்பதே காரணம் என்போம்.

பிள்ளைகள் தாமே இயந்திரப் பொறிகளைப் பூட்டிப் பழகுவது இவ்வச்சத்தைப் போக்கும் நல்வழியாகும். சுவரைக் கண்டு தானே நிற்கும் சிறு வண்டியொன்றைப் பாருங்கள். அதன் உணர்கருவி செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். சுவர் 1 மீட்டர் தொலைவிலிருந்தால் ஒலி போய்வரும் தூரம் 2 மீட்டர். கணக்கில் பாதியாக்க மறந்தால் வண்டி சுவரில் மோதிவிடும். ஆசிரியர் சுட்டுமுன் வண்டியே பிழையைச் சுட்டிவிடுகிறது அன்றோ!

2016-இல் தோன்றிய அடல் புத்தாக்க இயக்கத்தின் வழியாக, 6 முதல் 12 வரையுள்ள வகுப்பினருக்கென நாடெங்கும் சுமார் 10,000 பள்ளிகளில் இத்தகைய கூடங்கள் அமைந்துள்ளன. பள்ளி ஒன்றுக்கு 20 இலட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஆயினும், கூடம் பூட்டிக் கிடந்தால் பயனென்ன?

பெற்றோரே, உங்கள் பள்ளியில் அக்கூடம் உண்டா, பெண்பிள்ளைகளின் கைக்கும் கருவி எட்டுகிறதா எனக் கேளுங்கள். கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. வரப்பில் நின்றே நீரின் பக்குவம் அறியும் உங்கள் அறிவே போதும்.