கண்ணில் கீறல் விழுந்தால் முதல் நாள்தான் முக்கியம்

கிட்டிப்புள் ஆடும்போது புள் பறந்து வந்து கண்ணில் படும். வயலில் நெல் தாள் உரசும், விறகு பொறுக்கப் போன இடத்தில் முள் கீறும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சகஜம். திட்டு விழும்னு பயந்து பல குழந்தைகள் வீட்டில் சொல்வதே இல்லை. சொன்னாலும் தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறுன்னு கைவைத்தியத்தில் ரெண்டு நாள் ஓடிடும். ஆஸ்பத்திரி தூரம், போனா ஒரு நாள் கூலியும் போச்சு.

அந்த ரெண்டு நாளில் கண்ணுக்குள்ள என்ன நடக்குது?

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருப்பது கார்னியா. தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதன் மேல்தோல் கிழிந்தால் பெரும்பாலும் ரெண்டு மூணு நாளில் தானா ஆறிடும். ஆனா இலையிலோ மண்ணிலோ இருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் உள்ளே போக அந்தக் கீறலே வழி. உள்ளே போனால் புண்ணாகும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். 'கண்ணுல பூ விழுந்துடுச்சு'ன்னு ஊரில் சொல்றாங்களே, அதில் பல இப்படி வந்ததுதான். சின்னக் குழந்தைன்னா இன்னொரு சிக்கல்: தெளிவாத் தெரியாத கண்ணை மூளை ஒதுக்கவே பழகிடும்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. நேபாளத்தின் பக்தபூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கார்னியாவில் கீறல் பட்டவங்களுக்கு குளோராம்பெனிகால் களிம்பை தினம் மூணு வேளை, மூணு நாள் போட வச்சாங்க. 2001-ல் முடிவு வெளியானது. 48 மணி நேரத்துக்குள் வந்த 442 பேரில் 424 பேருக்குத் தொற்றே இல்லாமல் ஆறியது. 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருத்தருக்குக்கூடப் புண் வரலை. ஒரு நாள் கழிச்சு வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்துடுச்சு. மருந்து ஒண்ணுதான், மாறினது நேரம் மட்டும்.

அதனால என்.எஸ்.எஸ். கேம்ப் போனாலும், சொந்த ஊருக்குப் போனாலும் இதை மட்டும் சொல்லிட்டு வாங்க:

கண்ணைக் கசக்க விடாதீங்க. எண்ணெய், சாறு எதுவும் ஊத்தாதீங்க. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து போட்டா பூஞ்சை இன்னும் வேகமாப் பரவும். சுண்ணாம்பு தெறிச்சா மட்டும் அந்த நிமிஷமே நல்ல தண்ணியில் கால் மணி நேரமாவது கழுவணும். ஏதாவது குத்தி நின்னா பிடுங்காதீங்க, அழுத்தாம மூடிக் கூட்டிட்டுப் போங்க.

எதுவானாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. முக்கியமா, அடிபட்டதை வந்து சொல்ற பிள்ளையைத் திட்டாதீங்க. திட்டினா அடுத்த தடவை சொல்லாது.