காஸில் ஓடும் வேன்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

ஸ்ரீரங்கம் தீவிலும் அந்தநல்லூர் வட்டாரத்திலும் வாழை, மல்லிகை பயிரிடும் சிறு விவசாயிகள், விளைபொருளைத் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கும் ஸ்ரீரங்கம் பூச்சந்தைக்கும் கொண்டுசெல்லப் பழைய வேன் வாங்குவதுண்டு. அவ்வாறு விலைக்கு வரும் வண்டிகளில் சில, பெட்ரோலிலிருந்து எல்.பி.ஜி. காஸுக்கு மாற்றப்பட்டவை. காஸ் லிட்டருக்கு விலை குறைவு. ஒரு லிட்டரில் ஓடும் தூரமும் சற்றுக் குறைவே. முறைப்படி மாற்றிய வண்டியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முறைதவறி மாற்றிய வண்டியோ உயிருக்கே உலை வைக்கும்.

காஸின் குணம்

எல்.பி.ஜி. என்பது புரோப்பேன், பியூட்டேன் வாயுக்களை அழுத்தித் திரவமாக்கிய கலவை. ஒரு லிட்டர் திரவம் கசிந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் 100க்கு 2 பங்கு கலந்தாலே தீப்பற்றும். இது காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பாமல் வண்டியின் தளத்திலும், பள்ளத்திலும், சாக்கடையிலும் தங்கும். இயற்கையில் இதற்கு மணமில்லை. கசிவை உணர்த்தவே நாற்றமுள்ள மெர்காப்டன் சேர்க்கப்படுகிறது.

வாகனத் தொட்டி வேறு, சமையல் சிலிண்டர் வேறு

2000ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகே, நம் நாட்டில் எல்.பி.ஜி.யை வாகன எரிபொருளாகப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. இதற்கெனச் செய்த தொட்டி 80 சதவீதம் நிரம்பியதும் தானே அடைத்துக்கொள்ளும். வெயிலில் திரவம் விரிய மீதி இடம் தேவை. என்ஜின் நின்றால் காஸை நிறுத்தும் மின் வால்வும், குழாய் அறுந்தால் ஓட்டத்தைத் தடுக்கும் வால்வும், அழுத்தம் மிகும்போது திறக்கும் பாதுகாப்பு வால்வும் அதில் உண்டு.

பாதுகாப்பு வால்வின் அருமையை ஒரு விபத்து உணர்த்தியது. பிரான்ஸில் லியோன் நகரை அடுத்த வெனிசியூவில், 1999 ஜனவரியில் தீவைக்கப்பட்ட காஸ் கார் ஒன்றின் தொட்டி வெடித்து, தீயணைக்கச் சென்ற வீரர்கள் படுகாயமுற்றனர். அத்தொட்டியில் அவ்வால்வு இல்லை. அதன் பின்னர் அங்கு அது கட்டாயமாக்கப்பட்டது.

வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை இருக்கைக்குப் பின்னால் வைத்து ஓட்டுவதும், அதிலிருந்து வாகனத் தொட்டிக்கு காஸ் ஏற்றுவதும் சட்டப்படி குற்றம். வண்டி குலுங்கும்போது ரப்பர் குழாய் உராய்ந்து தேயும், இணைப்பு தளரும். கசிந்த காஸ் வெளியேற வழியின்றி வண்டிக்குள்ளேயே தங்கும். பிறகு ஒரு சிறு மின்பொறி போதும்.

வாங்கும்போது

ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் என்ற இடத்தில் எல்.பி.ஜி. பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறியலாம். பதிவில்லாத வண்டிக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் இழப்பீடு பெறுவது கடினம். தொட்டியில் பொறித்துள்ள எண்ணும் சோதனைத் தேதியும் சான்றிதழோடு ஒத்திருக்க வேண்டும். துருவோ நசுங்கலோ உள்ள தொட்டி ஆகாது. இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் கசிவுள்ள இடத்தில் குமிழி வரும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது கூடவே கூடாது.

டீசல் பம்ப்செட்டையோ பவர் டில்லரையோ இதே போல் மாற்றித் தருவதாகச் சொல்வோரை நம்பக் கூடாது. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை; டீசலைப் போல அழுத்தச் சூட்டில் மட்டும் காஸ் சரிவரப் பற்றாது.

நிறுத்தும் இடம்

காஸ் வண்டியை வைக்கோல் போருக்கருகிலும், அடுப்பெரியும் கொட்டகையிலும் நிறுத்தலாகாது. மோட்டார் குழி, கிணற்று ஓரமும் ஆகா. குழியில் இறங்கிய காஸ் ஸ்டார்ட்டர் பொறியில் பற்றிக்கொள்ளும்.

கசிவு நாற்றம் வந்தால் என்ஜினை நிறுத்தி, அனைவரையும் இறக்கி, கதவுகளைத் திறந்துவிட வேண்டும். தொட்டியின் வால்வு கைக்கு எட்டினால் மூடலாம். மீண்டும் சாவி திருப்பவோ, பீடி பற்றவைக்கவோ, வண்டியருகே செல்போன் பேசவோ கூடாது. தொலைவில் சென்று 1906 என்ற காஸ் அவசர எண்ணுக்கும், தீ பிடித்தால் 101க்கும் தகவல் தரவேண்டும். திரவ காஸ் தோலில் பட்டால் உறைபனிபோல் புண்ணாக்கும். சாதாரண நீரை ஊற்றிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சந்தைக்கு ஏற்றும் வாழைத்தாருடன் குடும்பத்தினரும் ஏறும் வண்டி இது. முறையான தொட்டிக்கும் பதிவுக்கும் ஆகும் செலவு வீண் செலவல்ல.